புது ராம் மாட்டியதும் கம்ப்யூட்டர் மௌனமாகிவிட்டதா?

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வருவதில்லை. ஏழெட்டு வருடம் உழைத்திருக்கும். ஆன் செய்துவிட்டுப் போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிது வாங்கலாமென்றால் பட்ஜெட் இடிக்கிறது. 'ஒரு எஸ்எஸ்டியும் கூடுதலாக ஒரு ராமும் போட்டால் பறக்கும்' என்று யாராவது சொல்வார்கள். சொல்வது உண்மைதான். பழைய ஹார்டு டிஸ்க்கில் தவழும் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி தரும் வேகத்தை வேறெதுவும் தராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட பிறகு, விண்டோஸ் 11-க்கு மாறும் சாக்கில் சிபியு பெட்டியைத் திறந்தவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை தொடங்கும். யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ராமைச் செருகி, எஸ்எஸ்டியை மாட்டி, பெட்டியை மூடி பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. திரை கறுப்பு. சமையலறையிலிருந்து குரல் வருகிறது: "ஏங்க, பாப்பாவோட முதல் பிறந்தநாள் போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்த அம்மா கேட்கிறார். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம், போட்டோக்களை வாங்க முடியாது. ஆறுதலான விஷயம், அப்கிரேடுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கிளம்பாமல் போகும்போது உள்ளே இருக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அவை அழிவது அதற்குப் பிறகு பதற்றத்தில் நடக்கும் ரிப்பேரில்தான். கறுப்புத் திரையைப் பார்த்த அன்று மாலையே யாரோ ஒருவர் விண்டோஸை 'புதுசா' போட்டுவிடுகிறார். போட்டோக்கள் போவது அப்போதுதான்.

ஆகவே முதல் வேலை, மாட்டியதைக் கழற்றுவது. நேற்று வரை ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது இன்று கை பட்ட இடத்தைத்தான். பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து, இருபது விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரை எடுத்து, பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பிறகு புது ராம், புது எஸ்எஸ்டி இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையபடியே மாட்டி ஆன் செய்து பார்க்கலாம். ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. அதன்பின் ஒன்றை மட்டும் மாட்டிச் சோதித்து, அது சரியென்றால் அடுத்ததை மாட்டலாம். ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டியவருக்குத்தான் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரிவதில்லை.

பழையபடி மாட்டியும் கிளம்பவில்லையா? கம்ப்யூட்டர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபேன்கூடச் சுற்றவில்லையா, ஃபேன் சுற்றித் திரை மட்டும் கறுப்பா, அல்லது கம்பெனி லோகோ வந்து விண்டோஸ் வராமல் நிற்கிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

முதல் வகை பெரும்பாலும் அற்பக் காரணம்தான். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்னால் உள்ள குட்டி ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும். அல்லது முன்பக்கப் பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் கை பட்டுக் கழன்றிருக்கும். 24 பின் கொண்ட பெரிய கனெக்டரையும், பிராசஸர் அருகில் உள்ள 4 அல்லது 8 பின் கனெக்டரையும் அழுத்திப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வகையில், ஃபேன் சுற்றித் திரை கறுப்பாக இருந்தால், பத்தில் பல தடவை ராம்தான் காரணம். ராம் சரியாக உட்காரவில்லை என்பதே அதன் பொருள், பழுது என்று அர்த்தமில்லை. ராமைச் செருகப் புதியவர்கள் நினைப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். போர்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். பார்க்க முழுதாக உட்கார்ந்தது போலவே இருக்கும். இரு முனைகளையும் ஒரேயளவு அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் வந்து பக்கத்துப் பிடிகள் தாமாக மூடிக்கொள்ளும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பிடி இருக்கும், அங்கே ஏமாறுவது இன்னும் சுலபம். லேப்டாப் ராமைச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்க வேண்டும்.

சர்வீஸ் கடையில் ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பொன்னிறக் கால்களைத் தேய்த்து மறுபடி மாட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. வருடக்கணக்கில் படிந்த படலம் போய்த் தொடர்பு சரியாகும். லேசாகத் தேய்த்தால் போதும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் துடைத்துவிட வேண்டும்.

அடுத்து, ராமின் வகை. சென்னை ரிச்சி தெருவில் ராம் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது 'டிடிஆர் எத்தனை?' என்றுதான். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3-க்கு 240 கால்கள், டிடிஆர்4-க்கு 288. நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. செருக முடியாததால் சிக்கல் வருவதில்லை. செருக முடிந்தும் ஒத்துவராததுதான் தொல்லை. பத்து வருடப் பழமையுள்ள பல லேப்டாப்கள் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும். 1.5 வோல்ட் கேட்கும் சாதாரண டிடிஆர்3 அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும், கச்சிதமாக உட்காரும், கம்ப்யூட்டர் மட்டும் கிளம்பாது. ராமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கழற்றும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்த வம்பு இல்லை.

பழைய ராமும் புதிய ராமும் சேர்ந்து குடித்தனம் நடத்த மறுப்பதும் உண்டு. புதியதை மட்டும் தனியாக மாட்டிப் பார்த்து, பிறகு பழையதை மட்டும் மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ராம் போடுவதாக இருந்தால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில்தான் போடச் சொல்வார்கள்.

புதிதாக டிடிஆர்5 ராம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு அந்த ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் நடுவில் ஆஃப் செய்தால் அந்தப் பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு பத்து நிமிடம் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்தால் போதும். பழக்கதோஷத்தில் போர்டில் உள்ள பழைய இடத்திலேயே செருகியிருப்பார்கள். கேபிள் கார்டில் இருக்க வேண்டும். கார்டுக்குத் தனியாக பவர் கனெக்டர் இருந்தால் அதையும் கொடுத்தாக வேண்டும்.

இப்போது மூன்றாவது வகை. லோகோ வருகிறது, அதன்பின் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற பாணியில் ஒரு வரி. போர்டு, ராம், பிராசஸர் எல்லாம் நலம், விண்டோஸ் எங்கே இருக்கிறதென்று மட்டும் தெரியவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. ஆனால் மக்கள் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். போட்டோக்களுக்கு ஆபத்து வருவதும் இந்த இடத்தில்தான், எனவே இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ராம் மாட்டக் கை விட்டபோது முழங்கை பட்டு ஹார்டு டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருக்கலாம். இரு முனைகளிலும் அழுத்திவிட்டு, ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது. பூட் ஆர்டரில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து சேவ் செய்தால் பல கம்ப்யூட்டர்கள் அப்போதே எழுந்துவிடும்.

அதே திரையில் தேதியையும் பார்ப்பது நல்லது. இன்றைய தேதி இல்லாமல் பத்து வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி 1 காட்டினால், குற்றவாளி ராமும் அல்ல, எஸ்எஸ்டியும் அல்ல. மதர்போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். பயாஸில் உள்ள கடிகாரத்தைக் காப்பது அதுதான். பல பழைய போர்டுகளில் பயாஸ் செட்டிங்குகளையும் அதுவே காக்கிறது. சில வருடங்களில் தீர்ந்துபோகும். ஆனால் ஸ்விட்ச் போர்டில் எப்போதும் ஆனிலேயே இருக்கும் கம்ப்யூட்டரில் அது தீர்ந்தது யாருக்கும் தெரியாது, சுவரிலிருந்து வரும் மின்சாரமே செட்டிங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். ராம் மாட்டுவதற்காக முதன்முறையாகப் பிளக்கைப் பிடுங்கிய நிமிடம் எல்லாம் மறந்துபோகும். டிஸ்க்கைப் படிக்கும் முறை, பூட் ஆகும் முறை எல்லாம் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்ப, விண்டோஸ் வராது. வைத்தியம், மலிவான அந்தப் பேட்டரி ஒன்றும் பழைய செட்டிங்கும்.

இணையத்தில் எந்த பூட் பிரச்னைக்கும் 'பேட்டரியைக் கழற்றி மாட்டு' என்று அறிவுரை கிடைக்கும். கறுப்புத் திரைக்கு அது பல நேரம் பலிக்கும். ஆனால் லோகோ வரை வந்த கம்ப்யூட்டரில் அதைச் செய்தால், மேலே சொன்ன மறதியை நாமே வரவழைத்ததாகும். அப்படியே செய்வதானாலும் முன்னதாக பயாஸ் திரைகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக ஸாட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்றிருக்கிறதா, ரெய்டு என்றிருக்கிறதா, பூட் மோட் என்ற இடத்தில் லெகசியா, யூஇஎஃப்ஐயா என்று. இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் நல்ல விண்டோஸ் நீலத் திரை காட்டி விழுந்துவிடும், அல்லது டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும்.

விண்டோஸ் 11-க்காக செக்யூர் பூட்டை ஆன் செய்யப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கடைசி வகை. லெகசி முறையை அணைத்தால்தான் செக்யூர் பூட் வேலை செய்யும். ஆனால் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க், லெகசி இல்லாமல் பூட் ஆகாது. அணைத்ததைத் திரும்ப ஆன் செய்தால் பழைய விண்டோஸ் வந்துவிடும். அதன்பின், முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றலாம். அழிக்காமல் மாற்ற விண்டோஸ் 10-லேயே ஒரு கருவி உண்டு.

எஸ்எஸ்டியிலும் உருவம் ஏமாற்றும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டியில் ஸாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு. ஸ்லாட் ஒன்றை மட்டும் ஏற்பதாக இருந்தால் மற்றது பயாஸில் தெரியவே தெரியாது. ரொம்பப் பழைய போர்டுகள், குறிப்பாக 2014-க்கு முந்தையவை பெரும்பாலும், என்விஎம்இயிலிருந்து பூட் ஆவதில்லை. அவற்றுக்குச் சாதாரண 2.5 அங்குல ஸாட்டா எஸ்எஸ்டியே போதும். வேக வித்தியாசம் வீட்டு உபயோகத்தில் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொரு விசித்திரம் உண்டு. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு ஒரு வாரம் ஜோராக ஓடும். இனிப் பழைய ஹார்டு டிஸ்க் எதற்கு என்று கழற்றினால் கம்ப்யூட்டர் கிளம்பாது! விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் இணைப்பில் இருந்தால், பூட்டுக்கான ஃபைல்கள் பழையதில் ஏற்கெனவே இருக்கும் சின்னப் பகுதியிலேயே போய் உட்கார்ந்துகொள்வதுண்டு. வீடு மாறியாயிற்று, வாசல் சாவி பழைய வீட்டிலேயே இருக்கிறது. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் மறுபடி ஓடும். இது தெரியாமல், 'ஓடுகிறதே' என்று பழைய டிஸ்க்கை முழுதாக ஃபார்மேட் செய்தவர்களுக்கு இரட்டை நஷ்டம். விண்டோஸ் போடும்போது புது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டிவைத்தால் இந்தக் குழப்பமே வராது. குளோன் செய்தவர்களும் முதல் தடவை பழையதைக் கழற்றிவிட்டே ஆன் செய்ய வேண்டும்.

சிலருக்கு இதெல்லாம் இல்லாமல், நீலத் திரையில் பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்கும். போர்டு மாறினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, பூட் செட்டிங் மாறினாலோ, திருடன் கையில் சிக்கிவிட்டோமோ என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுவதன் விளைவு இது. அந்த கீ 48 இலக்க எண். அண்மைக் காலத்து லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்திருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாதனங்கள் பகுதியில் பார்த்தால் அந்த எண் கிடைக்கும். ஆனால் அது யாருடைய கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கியதா, இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையதா? எண் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. இந்தக் கட்டுரையில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்? அப்போதும் போட்டோக்களை வெளியே எடுக்கலாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸாட்டா-யுஎஸ்பி கேபிளில் மாட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். அப்போது விண்டோஸ், 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று கேட்கலாம். அதற்கு ஒரே பதில் கேன்சல். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது டேட்டா மீட்கும் நிபுணர் பார்க்க வேண்டிய வேலை, திரும்பத் திரும்ப ஆன் செய்தால் அவர் கையிலும் ஒன்றும் மிஞ்சாது.

கடைக்குக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே முதலில் வரும் வசனம், "விண்டோஸ் புதுசா போட்டுடலாம் சார், சி டிரைவ் மட்டும்தான் போகும், டி டிரைவ்ல இருக்கறது எல்லாம் அப்படியே இருக்கும்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தது, டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை இருவருமே அந்த நேரத்தில் நினைப்பதில்லை. வீட்டில் எல்லோரும் எதையும் டெஸ்க்டாப்பிலேயே குவித்து வைப்பவர்கள் ஆயிற்றே!

'ஃபார்மேட் வேண்டாம், போன் செய்து கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுக்கலாம். அதைவிடச் சுலபம், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டு பெட்டியை மட்டும் கொடுத்தனுப்புவது. ராமையும் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்கக் கடைக்காரருக்கு அந்த டிஸ்க் தேவையில்லை. பயாஸ் திரை வருகிறதா என்று பார்க்க ஒரு டிஸ்க்கும் வேண்டியதில்லை.